மண்டபத்துச் சாவியைப் பற்றி: சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடல் எந்த ஒரு கோயிலையும் குறிவைத்து எழுதியதல்ல. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட் பட்டணத்திலும், சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டம் போய்த் தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) மாறிய இடங்களிலும் இருக்கிற எல்லா நிர்வாகங்களுக்கும் பொதுவாக எழுதுகிறேன். கடைத்தெருவில் போட்டோஸ்டேட் கடை வைத்திருப்பவள் நான். உங்கள் திருவிழா நோட்டீஸும் உபயப் பட்டியலும் வரவு செலவு அறிக்கையும் அடிக்கடி என் கை வழியாகத்தான் போகின்றன. எனவே கோயில்களுக்கு என்ன செலவு, என்ன சிரமம் என்பது ஓரளவு தெரிந்தே பேசுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவிழாவும் கல்யாணமும் இல்லாத வாரநாள் மாலைகளில் கோயில் மண்டபத்தை ஊர் இளையோருக்குத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்துக்கான சாவியையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். முதல் வாக்கியத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும். இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

"எங்களிடம் ஏம்மா கேட்கிறாய், எம்.பி.யிடம் போ, பள்ளிக்கூடத்தில் கேள்" என்பீர்கள். அங்கேயும் கேட்கலாம்தான். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கால் நீட்ட இடமிருக்காது. பிள்ளைகள் வெளியில்தான் வளர்ந்தார்கள். அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வரும்வரை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை. அதற்குப் பிறகு தமிழ்ப்பள்ளி. சாயங்காலமானால் திடல். பந்து விளையாடாதவன் ஓரத்தில் உட்கார்ந்து கதை பேசினான். வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டதும் அதே திடலில்தான். தோட்டத்து எழுத்தரான கிராணியார் வீட்டுக்குப் பேப்பர் வரும், வாசிக்க நாலு பேர் போவார்கள். கள்ளுக்கடையும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் எந்த நேரத்திலும் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறான், யாரோடு நிற்கிறான் என்பது பெரியவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

பிறகு தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது, இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் ஆட்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆயாக் கொட்டகை கூட வரவில்லை. திடல் வரவில்லை. சில இடங்களில் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் வேன் ஏறிப் போய்வருகிறார்கள். கூடவே கிளம்பி வந்தது சாமி மட்டும்தான். பொது இடம் என்று சொல்ல இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது கோயிலும் அதன் மண்டபமும். கூரை, விசிறி, கழிப்பறை, வெளிச்சம், அடுக்கி வைத்த நாற்காலிகள், மோட்டார் நிறுத்த இடம். ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிறது.

படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் முடிவு வரும் வாரத்தில் என் கடைக்கு ஒருமுறை வந்து ஓரமாக நின்று பாருங்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் மே 27, 2025-இல் ஏப்ரல் 24. முடிவு கைக்கு வந்ததும் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பல்கலைக்கழகத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் யூ.பி.யூ என்ற இணைய விண்ணப்பம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்குத் தனி விண்ணப்பம். ஆறாம் படிவம் வேறு. தொழிற்பயிற்சிக்கு இன்னொரு வாசல். ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனிக் கடவுச்சொல். முடிவு வந்த பிறகு யூ.பி.யூ-வில் விருப்பப் பட்டியலைத் திருத்தக் கிடைப்பது சில நாள்களே. அந்தப் பட்டியலில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதில் ஒரு பிள்ளையின் மூன்று நான்கு வருஷம் இருக்கிறது. அதைக் கவுண்டரில் நின்றபடி, பின்னால் ஐ.சி. (அடையாள அட்டை) நகல் எடுக்க வந்தவர் முனகிக்கொண்டிருக்க, சில நிமிஷங்களில் முடித்துவிட்டுப் போகிறார்கள்.

"அக்கா, எது நல்லதோ நீங்களே போட்டுடுங்க."

இதை நான் கேட்காத வருஷம் கிடையாது. நான் நகல் எடுத்துக் கொடுப்பவள். எந்தப் படிப்பில் சேர்ந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. அப்பா லாரியோடு போயிருப்பார், அம்மா இரவு ஷிஃப்டில் இருப்பார். இருவருமே படிவம் மூன்றைத் தாண்டாதவர்களாக இருக்கலாம். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் உண்டு, ஆனால் அத்தனை மாணவர்களுக்கு ஒருவரோ இருவரோ. படிவம் ஐந்து முடித்துவிட்டுப் போனவன் மறுபடி பள்ளி வாசலை மிதிக்கக் கூச்சப்படுவான்.

உபகாரச் சம்பளம் கேட்டால் வருமானச் சான்று வேண்டும். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டே இருக்காது. புல்வெட்டு, பழைய இரும்பு, யாராவது கூப்பிட்டால் பெயின்ட் வேலை. இவ்வளவுதான் வருமானம் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார், அவரை எங்கே போய்ப் பார்ப்பது என்று விசாரிப்பதிலேயே தேதி கடந்துவிடும். உங்கள் செயலவைகளில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், அரசாங்க வேலையில் தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். ஆனால் அந்தப் பையனும் அந்தப் பெரியவரும் சந்திக்கிற இடம் என்று ஊரில் ஒன்றும் கிடையாது, வருஷத்தில் திருவிழா நாள்கள் தவிர.

பத்து ஏ வாங்குகிற பிள்ளைக்கு ஊரே வழிகாட்டும். பேனர் கட்டுவோம், சால்வை போர்த்துவோம், உங்கள் மண்டபத்திலேயே மாலை போடுவோம். எஸ்.பி.எம்மில் 10 ஏ வாங்கினால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024-இல் அரசாங்கமே அறிவித்துவிட்டது. எனக்குக் கவலை இரண்டு கிரெடிட், மூன்று கிரெடிட் வாங்கியவனைப் பற்றி. மலாயிலோ வரலாற்றிலோ தவறியவனைப் பற்றி. 2013 முதல் வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம் சான்றிதழ் கிடைக்கும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதையொட்டி அவசரகாலம் பிரகடனமானதையும் நாடு முழுக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பாடத்தில் தவறிச் சான்றிதழை இழந்த பையன், அந்தத் தோட்டங்களில் ஒன்றான எல்ஃபில் பக்கத்திலிருந்து மோட்டாரில் என் கடைக்கு வருகிறான். சிரிப்பதா அழுவதா? மலாய்க்கும் வரலாற்றுக்கும் மறுதேர்வு இருக்கிறது என்று சொன்னால், "அப்படி ஒண்ணு இருக்கா?" என்கிறான். யாரும் சொல்லவில்லை.

நாட்டின் முதல் பாலிடெக்னிக், உங்கு ஓமார், 1969 முதல் ஈப்போவில் இருக்கிறது. நமக்கு எட்டுகிற தூரம். ஈப்போவில் ஐ.எல்.பி என்று நாம் சொல்லிப் பழகிய தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. வடக்கே தைப்பிங் பக்கம் அட்டெக் என்ற உயர்தொழில் பயிற்சி மையம் இருக்கிறது. வெல்டிங், குளிர்சாதனம், மின்கம்பி இழுப்பு என்று கையால் செய்கிற படிப்புகள், எஸ்.கே.எம் என்ற தொழில்திறன் சான்றிதழோடு. எஸ்.பி.எம்மில் பெரிதாகச் சாதிக்காதவனுக்கும் அங்கே இடமுண்டு. நம் பையன்களில் எத்தனையோ பேர் பட்டறையில் நின்று வெல்டிங் பழகியவர்கள். வேலை தெரியும், காகிதம் கிடையாது. காகிதம் இல்லாததால் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளியில் நிற்கிறான். சிறிய பட்டறையாக இருந்தால் அதுவும் சரியாகக் கைக்கு வருவதில்லை. உணவு டெலிவரிக்கு ஈப்போவுக்குப் போகிறான். சிலர் மோட்டார் சைக்கிளுக்கான பி2 லைசென்ஸ்கூட எடுக்காமல் ஓட்டுகிறார்கள். பிடிபட்டால் அபராதம் கட்ட அம்மா சங்கிலியை அடகு வைக்கிறார்.

சில பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்திலேயே சிக்கல் இருக்கிறது. 12 வயதில் ஐ.சி. எடுக்கப் போகும்போதுதான் அது வெடிக்கும். அதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். இங்கே விட்டுவிடுகிறேன்.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. இளைஞர் பிரச்சினை என்று மேடையில் பேச ஆரம்பித்தால் நாம் எல்லாரும் பையன்களைப் பற்றியே பேசி முடிக்கிறோம், ஏனென்றால் அவர்கள் சாலையில் நிற்கிறார்கள், கண்ணில் படுகிறார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் படிக்கிறார்கள், முடிவும் நன்றாகவே வருகிறது. பிறகு இடம் கிடைக்கிறது: சபாவில், கிளந்தானில், பெர்லிசில். கடிதத்தை என் கடையில் அச்செடுத்து வெளியே போகும்போது அந்த முகத்தில் இருக்கும் மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அவளே வந்து, "இல்லக்கா, அம்மா வேணாம்னுட்டாங்க" என்பாள். கொஞ்ச நாளில் பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், அல்லது பினாங்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈப்போவைத் தாண்டி அதிகம் போகாதவர் அவர். கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் போக வேண்டும், டிக்கெட் எவ்வளவு, யார் கொண்டுபோய் விடுவது, விடுதியில் யாரோடு அறை, சாப்பாடு எப்படி, தீபாவளிக்கு வர முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எந்த அதிகாரியும் வரமாட்டார். பதில் சொல்லக்கூடியவள் ஒருத்தி இருக்கிறாள்: நம் ஊரிலிருந்து போய் அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற இன்னொரு பெண். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். இந்த அம்மாவுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு இந்த வீட்டைத் தெரியாது. முன்பு ஒரே லயத்தில் இருந்திருப்பார்கள். இன்று வேறு வேறு தாமான். இருவரையும் ஓர் இடத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேச விட்டால் போதும். அந்த அம்மா எந்த வெளியிடத்துக்கும் வரமாட்டார். கோயிலுக்கு வருவார். மண்டபம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, கோயில் ஊர்வலத்தில் உறுமி மேளம் அடிக்கும் பையன்களைப் பற்றி. இதில் கொஞ்சம் நீளமாகப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் கூட்டத்துக்குக் கூட்டம் உங்களுக்கு அவர்களைப் பற்றித்தான் புகார்.

தைப்பூசம் வருவதற்குச் சில மாதம் முன்பே பயிற்சி தொடங்குகிறது. வேலை முடிந்து களைத்து வந்து, குளித்துவிட்டு, செம்பனைக் காட்டு ஓரத்தில் நின்று அடிக்கிறார்கள், அக்கம்பக்கத்தார் திட்டாத இடமாகப் பார்த்து. வராதவனைத் தலைவன் வாட்ஸ்அப்பில் வைத்துக் கேள்வி கேட்கிறான். தோல் மாற்றக் காசு, சட்டை தைக்கக் காசு, ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போக லாரி வாடகை எல்லாவற்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கணக்கு எழுதுகிறான். விரத நாளில் யாராவது குடித்துவிட்டு வந்தால் அன்று மேளத்தைத் தொட விடமாட்டான். இந்தத் தலைவனுக்கு வயது 22 இருக்கும். கணக்கு, ஆள் நிர்வாகம், நேரம், ஒழுங்கு எல்லாம் தெரிந்த இளைஞர் அமைப்பு ஒன்று நம் ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவு மட்டும் இல்லை, கூரையும் இல்லை.

நாம் அவர்களைக் கூப்பிடுவது ரதம் தள்ள, பந்தல் போட, அன்னதானத்துக்குப் பாத்திரம் தூக்க. திருவிழா முடிந்த மறுநாள் அவர்கள் "இந்தக் காலத்துப் பசங்க" ஆகிவிடுகிறார்கள். சினிமாப் பாட்டை அடிக்கிறார்கள் என்பது உங்கள் புகார். எனக்கும் பிடிக்கவில்லை, சாமி முன்னால் அது வேண்டாம்தான். ஆனால் அவர்களுக்குப் பழைய உடுக்கைப் பாட்டையும் கும்மிப் பாட்டையும் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு இந்தப் பையன்களை உட்கார வைத்தது யார்?

குண்டர் கும்பல்களின் அடையாளமான எண் போட்ட சட்டைகளைப் பற்றியும் தெரியும். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அந்த எண்கள் ஊர்வலத்தில் சட்டையிலும் கொடியிலும் வரக்கூடாது என்று நீங்கள் தடை போட்டதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தடையோடு நிறுத்திவிட்டோம். கும்பல்காரன் ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு முதலில் கொடுப்பது பணமல்ல. உட்கார ஒரு இடம், பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு அண்ணன், நேரம் கழித்து வந்தால் "எங்கடா போன?" என்று கேட்க ஓர் ஆள். இந்த மூன்றையும் கொடுக்க நம்மால் முடியும், அவனைவிட நன்றாகவே.

இதெல்லாம் நமக்குப் புதிதுமில்லை. 1950-களில் கோ. சாரங்கபாணி தாம் நடத்திய தமிழ் முரசு நாளிதழில் மாணவர் மணிமன்றம் தொடங்கினார். பிறகு தோட்டந்தோறும் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் முளைத்தன. நாடகம், பேச்சு, நூலகம், இரவு வகுப்பு. அரிக்கன் விளக்கு வைத்துப் படித்தோம் என்று உங்களில் மூத்தவர்கள் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது உங்களுக்கு இருபது வயதுகூட இருந்திருக்காது. மன்றத்தின் செயலாளர் நீங்களே, பொருளாளர் நீங்களே, கூட்டக் குறிப்பு எழுதியதும் நீங்களே. அங்கே பழகிய கைதான் இன்று கோயில் கணக்கையும் எழுதுகிறது. இன்றைய இருபது வயதுக்காரன் மட்டும் நாற்பது வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

2019-இல் திருத்திய இளைஞர் சங்கச் சட்டத்தில் இளைஞர் வயதின் மேல் எல்லையை 40-இலிருந்து 30-ஆகக் குறைத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இளைஞர் பிரிவுத் தலைவருக்குச் சில இடங்களில் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைத்தான் சொன்னேன். அதே ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தி, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் ஓட்டு என்று நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நாட்டை யார் ஆள வேண்டும் என்று முடிவு செய்கிற பெண், கோயில் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கினால், "உட்காரும்மா, பெரியவங்க பேசுறாங்க" என்கிறோம்.

உதவி என்றதும் நமக்கு உடனே தோன்றுவது ஒரு நாள் பட்டறை. பேனர், சட்டை, நாசி லெமாக் பொட்டலம், தலைநகரிலிருந்து வந்த பேச்சாளர், "உன்னால் முடியும்" என்று கத்தச் சொல்வார், பிள்ளைகளும் கத்துவார்கள். சான்றிதழும் உண்டு, என் கடையில் அச்செடுத்ததுதான், எனக்கு வியாபாரம். மறுநாள் திங்கட்கிழமை, அந்தப் பிள்ளைக்கு யூ.பி.யூ கடவுச்சொல் மறந்துபோய்விட்டது. பேச்சாளர் கோலாலம்பூர் போய்விட்டார். எனக்குத் தெரிந்தவரை வேலை செய்வது வேறு வகை. ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு 1982-இலிருந்து நடக்கிறது, நாடு முழுக்க வகுப்புகள். அதன் பலம் பேச்சில் இல்லை. வாரந்தவறாமல் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கதவு திறந்திருக்கிறது, பல்கலைக்கழக மாணவர்கள் வந்து தங்களுக்கு அடுத்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள், விடுமுறைக்கு வந்து வீட்டில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள். நான் சிலரிடம் கேட்டும் பார்த்தேன். "எங்க வரணும்க்கா?" என்றார்கள்.

வகுப்பு என்று வந்தால் படிவம் ஐந்தில் தொடங்குவது தாமதம். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் போதாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்காருகிற பதின்மூன்று வயதுப் பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். நண்பர்கள் படிவம் ஒன்றுக்குப் போக, தான் மட்டும் பின்தங்கிவிட்டதாக நினைத்து அந்த ஒரு வருஷத்தில் பள்ளியை வெறுத்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று வருஷம் கழித்து அவன் நின்றுவிட்டான் என்று கேள்விப்படும்போது நமக்கு அது திடீரென்று நடந்ததாகத் தெரிகிறது.

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். சுத்தம் கெட்டுப்போகும் என்பீர்கள். மண்டபம் கருவறை இல்லை. அதே மண்டபத்தில்தான் கல்யாண விருந்தும் பிறந்தநாளும் நடக்கின்றன. செருப்பு வெளியே, அசைவம் கிடையாது, புகை கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள், அதை அவர்களே காப்பாற்றுவார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்தால் ஊர் பேசும் என்பீர்கள். ஊர் இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. வெளிச்சத்தில், கோயில் வளாகத்தில், இரண்டு அம்மாக்கள் ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் படிப்பதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பெண்பிள்ளைகள் ஒன்பது மணிக்குள் கிளம்ப வேண்டும், யார் யாரோடு வீடு போகிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பொருள் உடையும் என்பீர்கள். உடையும். விசிறியைச் சரிசெய்யத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்திலேயே இருப்பான்.

மின்சாரக் கட்டணத்துக்கு என்ன வழி என்று பொருளாளர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 1960-இல் தோட்டத் துண்டாடலை எதிர்த்து அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டமே வாங்கினார்கள். இந்த ஊரில் பிறந்தவர் அவர், நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குப் பத்து வெள்ளி ஒரு பால்வெட்டுக் குடும்பத்துக்குப் பெரிய காசு. இன்று கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அது இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும். திருவிழாவுக்கு உபயம் கேட்டு அனுப்புகிற அதே வாட்ஸ்அப் பட்டியலில் இதையும் கேளுங்கள். இந்தியச் சமூகத்துக்கான மித்ரா நிதிக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வந்தபிறகுதான் கதவு திறப்போம் என்று காத்திருக்க வேண்டாம். விளக்கும் விசிறியும் நாற்காலியும் நம்மிடம் இருக்கின்றன. இணையம் ஒன்று போட்டால் போதும். பழைய கணினி இரண்டு என் கடையிலிருந்து தருகிறேன். மெதுவாகத்தான் ஓடும்.

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழிலிருந்து பத்து வரை என்று தொடங்கலாம். சாவி 25 வயதுக்குட்பட்ட இருவரிடம் இருக்கட்டும், ஒருவர் ஆண், ஒருவர் பெண். திறந்த நேரம், பூட்டிய நேரம், வந்தவர் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார்கள். சுவரில் ஒரு பலகை: எந்த விண்ணப்பம் எந்தத் தேதியில் திறக்கிறது, எப்போது மூடுகிறது. செயலவையிலிருந்து ஒருவர் முறைவைத்து வந்து உட்காருங்கள், கண்காணிக்க வேண்டாம், கையெழுத்து யாரிடம் வாங்குவது என்று சொல்லத்தான். அந்த இரண்டு சாவிக்காரர்களுக்கும் செயலவையில் இடமும் ஓட்டும் கொடுங்கள். "சிறப்பு அழைப்பாளர்" என்ற பெயரில் ஓரத்து நாற்காலி வேண்டாம். மண்டபம் கல்யாணத்துக்குப் போகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அன்று அவர்களே கோலம் போட்டு நாற்காலி அடுக்கித் தருவார்கள்.

அடுத்த எஸ்.பி.எம் முடிவு வருவதற்குமுன் இது தொடங்கியாக வேண்டும். கும்பாபிஷேகம் முடியட்டும், புதிய நிர்வாகம் வரட்டும் என்று தள்ளினால் இந்த ஆண்டுப் பிள்ளைகள் மறுபடியும் என் கவுண்டரில்தான் வந்து நிற்பார்கள்.

உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை "இதர விஷயங்கள்" என்ற கடைசி வரியில் போடாமல் தனி விஷயமாக வையுங்கள். தேதியைச் சொன்னால் உறுமிக் குழுவிலிருந்து இரண்டு பையன்களும், ஆறாம் படிவம் படிக்கிற இரண்டு பெண்களும் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறார்கள். நான் அவர்களோடு வரமாட்டேன். வந்தால் நீங்கள் என்னைப் பார்த்தே பேசுவீர்கள், அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். கொஞ்சம் திக்குவார்கள், ஒருவன் மலாய் கலந்து பேசுவான். முழுதும் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள், கேள்வியை அதற்குப் பிறகு கேளுங்கள்.

இப்படிக்கு,
கடைத்தெரு போட்டோஸ்டேட் கடைக்காரி
சுங்கை சிப்புட், பேராக்